ஜனவரி ஒன்று

எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள்.
ஆறு பேரும் பிறந்தது ஜனவரி ஒன்று.
சிரிக்காதீர்கள், தாளில் அப்படித்தான் இருக்கிறது.
நியாருகுசு முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு
வரிசை நீளம், வெயில் அதிகம்.
"செவலைப் பசு இரண்டாம் கன்று ஈன்ற பருவம்" என்று
அம்மா சொன்னதை எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
வருடத்தை மட்டும்
பிள்ளையின் உயரம் பார்த்துப் போட்டார்.
செமஹோரோ அப்போது காய்ச்சலில்
என் முதுகில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

திரொம்சோவில் நாங்கள் இறங்கியபோது
பகல் பதினொன்றுக்கு விளக்கு எரிந்தது.
பள்ளி மைதானத்தில் பனியை வழித்துத் தள்ளிவிட்டு
பிளாஸ்டிக் புல்லில் ஆடினார்கள்.
வயதுவாரியாகப் பிரித்தபோது
அந்த வருடத்தின் மூத்த பிள்ளை இவன்.
டிசம்பரில் பிறந்த பையன்கள் தோளுக்குக்கூட வரவில்லை.
"வயதுக்கு மீறிய உடல்வாகு" என்று
குறித்துக்கொண்டார் பயிற்சியாளர் தோர்கிரிம்.
உயரத்தைப் பார்த்து வருடம் போட்டார் ஒருவர்.
வருடத்தைப் பார்த்து உயரத்தை மெச்சினார் இன்னொருவர்.

பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும்
கந்தல் பந்தைப் பற்றிக் கேட்பார்கள்.
மறுத்துப் பேச அலுப்பு, தலையாட்டிவிடுவான்.
முகாமில் நல்ல தோல் பந்தே இருந்தது,
நிவாரணக்காரர்களின் முத்திரையோடு.
பெரிய பையன்கள் அதை இவன் காலுக்குத் தந்ததில்லை.
இடது ஓரமாக
வரும் வரும் என்று ஏறி இறங்கி
ஓடிக்கொண்டே இருந்தான்.
பதினான்கு பருவம் அவன் வாங்கிய சம்பளம்
அந்த ஓட்டத்துக்குத்தான்.

தேசிய அணிக்கு ஒரே ஆட்டம்.
ஏழு நிமிடம். பந்து இரண்டு முறை பட்டது,
ஒன்று முழங்காலில்.
பிறகு டென்மார்க்கில் இரண்டு வருடம்,
பெரும்பாலும் போர்வை போர்த்திக்கொண்டு, பெஞ்சில்.

நான் பேருந்து ஓட்டுகிறேன்.
ஆட்ட நாளில் என் வண்டி மைதானம் வரை போகும்.
"அந்த இடது பக்கக்காரன் தூங்குகிறான்"
பின் இருக்கையிலிருந்து வரும். சரி, சில நாள் தூங்கத்தான் செய்வான்.
ஒருநாள் ஒருவர்
வந்த இடத்துக்கே அவனை ஏற்றி அனுப்பவேண்டும் என்றார்.
கண்ணாடியில் பார்த்தேன்.
மடியில் இருந்த அவர் மகளின் ஜெர்சி முதுகில்
என் தம்பியின் பெயர்.
எதுவும் பேசவில்லை.
வேகத்தடையில் மட்டும் பிரேக் போடவில்லை.

போன மாதம் நிர்வாகி சொன்னாராம்:
"முப்பத்து மூன்று வயது. ஒரு வருடம் தரலாம்,
பாதிச் சம்பளம்."
முழங்கால் படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர்
"இந்த மூட்டுக்கு இன்னும் இரண்டு கூடுதலாக இருக்குமே" என்று
விளையாட்டாகச் சொன்னாராம்.
இரவு வீட்டுக்கு வந்தான்.
ஷூவைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் கேட்டான்:
"உண்மையில் எப்போது பிறந்தேன்?"

அம்மா உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள்.
செவலைக்கு மூன்றாம் கன்று, அது தங்கவில்லை.
அடுத்து மழை பொய்த்தது.
அப்புறம்தான் மலையை விட்டு இறங்கினோம்,
இல்லை, அதற்கு முன்பே ஒருமுறை இறங்கித் திரும்பினோமே...
விரல்கள் மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கின.
நடுவிரலில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்:
"எந்த எண்ணுக்கு அதிகம் தருவார்கள்?"

அவன் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலித்திருக்கவேண்டும்,
பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.
எண்ணை அவள் சொல்லவில்லை.
அவனும் பிறகு கேட்கவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டான்.
பிறந்த தேதியை ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள்.

இன்று சனிக்கிழமை.
மைதானத்து நிறுத்தத்தில் வண்டி காலியாக நிற்கிறது.
ஓட்டுநர் பக்கத்து ஜன்னலை இறக்கியிருக்கிறேன்,
குளிர் காதைக் கடிக்கிறது.
உள்ளே பெரிய சத்தம்.
கோலா, தவறிப்போனதா, தெரியவில்லை.
புறப்படும் நேரம் தாண்டி
இரண்டு நிமிடம் ஆகிறது.