மூச்சு வாங்காத வண்டி

மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
இஞ்சினுக்கும் மூச்சு வாங்கும்.
உயுனிக்கு வந்திறங்கும் வெளிநாட்டான்
முதல் நாள் விடுதிப் படியேறுவானே,
அப்படித்தான் மேடேறும்
ஃபோர்துனாத்தா லூபாவின் டொயோட்டா பிக்கப்.
எழுபத்து நாலாம் வருட மாடல். கடுகு நிறம்.
பாதிதான் நிறம், மீதியை உப்பு தின்றுவிட்டது.

'எடுத்துவிடு' என்றாள்.
எதை என்று கேட்டேன்.
'புகைகிறதையெல்லாம்.'

எடுத்தேன்.
ஆறு சிலிண்டரையும் சங்கிலி கட்டித் தூக்கியபோது
பட்டறைக்குள் எண்ணெய் மழை.
பெட்ரோல் டேங்க், சைலன்சர்,
ரேடியேட்டர் இடுக்கெல்லாம்
எந்த அறுவடையின் கீனோவா உமியோ.

இகீகே துறைமுகத்தில் முகம் நசுங்கிக் கிடந்த
ஜப்பான் கார் ஒன்றின் மோட்டாரை
என் மைத்துனன் எவாரிஸ்தோ பேரம் பேசி வாங்கி வந்தான்.
பழைய கியர்பாக்ஸுக்கும் புது மோட்டாருக்கும் நடுவே
விரல் பருமனில் ஓர் அலுமினியத் தட்டு வேண்டும்.
அரை மில்லிமீட்டர் பிசகினால் சம்பந்தம் முறியும்.
மூன்று தட்டு வீண்.
நான்காவது பொருந்தியது,
சண்டை ஓய்ந்து ஒரே போர்வைக்குள் வந்தவர்கள் போல,
முதலில் கொஞ்சம் முனகலோடு.

பேட்டரிப் பெட்டிகள் இருநூற்று இருபது கிலோ.
பின்பக்க வில்லுக்கு இரண்டு பட்டை சேர்த்தேன்.
இரவில் மைனஸ் பதினெட்டு, பேட்டரிக்கும் குளிரும் என்று
லாமா ரோமம் திணித்து மெத்தை தைத்துப் போர்த்தினேன்.
'குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா?' என்றான் எவாரிஸ்தோ.

ஒருமுறை நிரப்பினால் நூற்று இருபது கிலோமீட்டர்.
தாவுவாவிலிருந்து உப்புவெளியைக் கடந்து
கோல்சானிக்கு எண்பத்தைந்து.
மிச்ச முப்பத்தைந்தை
நம்பிக்கை என்று கணக்கில் எழுதினேன்.

இந்த உப்புக்கு அடியில் லித்தியம் இருக்கிறதாம்.
ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறது.
என் பெட்டிகளின் மேல் சீன எழுத்து.
வெண்ணெய்மேல் உட்கார்ந்துகொண்டு
கப்பலில் வந்த நெய்யில்
வண்டி ஓட்டுகிறோம்.

கார்னிவல் செவ்வாயன்று வண்டிகளுக்குப் பீர் ஊற்றுவோம்.
காகிதத் தோரணம், வெடி,
முதல் ஊற்று இஞ்சினுக்கு:
சூட்டில் அது சீறினால்
பூமித்தாய் குடித்துவிட்டாள் என்று பொருள்.
ஃபோர்துனாத்தா பானெட்டைத் திறந்தாள்.
மூடிய பெட்டி. ஆரஞ்சுக் கம்பிகள்.
சரித்த பாட்டிலோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
'முந்நூற்று அறுபது வோல்ட்!'
தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.
டயர்களுக்கு ஊற்றினாள்.
டயர்கள் சீறவில்லை.

போகட்டும். வண்டி ஓடியது.
மேட்டில் திணறவில்லை,
ஃபிளமிங்கோக்கள் தலை நிமிரவில்லை,
நாற்பது மூட்டை கீனோவா
தாலாட்டில் போவது போலப் போயிற்று.

மூன்றாம் வாரம்
அவள் புருஷன் குமெர்சிந்தோ பஸ் ஏறி வந்தான்.
தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.
பழைய இஞ்சின் பதினைந்து கிலோமீட்டரில் கேட்குமாம்.
அந்த வெளியில் ஒலிக்குத் தடுக்க ஒன்றுமில்லையே.
இருபது நிமிடம் கிடைக்கும்:
சீட்டைக் கலைக்க, கூட்டாளிகளை அனுப்ப,
பாட்டிலைத் தீவன மூட்டைக்குள் செருக,
அடுப்பில் சூப்பை ஏற்றிவிட்டு
அரை மணியாய்க் கிளறுகிறவன் முகத்தோடு நிற்க.
இப்போது கதவு திறந்த பிறகுதான் தெரிகிறதாம்.
கையில் நல்ல சீட்டு வேறு அன்றைக்கு.

'ஏதாவது சத்தம் வை. எவ்வளவு ஆகும்?'

சொன்னேன். எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

மாலையில் ஃபோர்துனாத்தாவின் போன்.
பஸ் டிரைவர் அவள் சித்தி மகன், எனக்குத் தெரியாது.
'அவன் தந்ததற்கு மேல் பத்து பொலிவியானோ.
வைக்காதே.'

இரண்டு பேருக்கும் நான் நேர்மையானவன்.
அவன் காசுக்குச் சட்டத்தின் அடியில்
ஒரு வெண்கல மணி கட்டினேன்.
அவள் காசுக்கு
அதன் நாக்கைக் கழற்றினேன்.

நாக்கு இன்னும் என்னிடம்தான்,
பதினான்காம் நம்பர் ஸ்பேனருக்குப் பக்கத்தில்.