நாமா, நாங்களா

நேற்றிரவு ஹட்டனில், பஸ் நிலையத்துக்கு மேல் மாடியில்
போனில் அமெரிக்கக் கூட்டம் ஒன்று பார்த்தேன்.
தொழில் பழகத்தான். எனக்கு மேடை மொழிபெயர்ப்பு,
கூட்டத்துக்கு நாலாயிரம்.

மைக்கோடு நடந்தபடி ஒருவர் சொன்னார்:
இந்த நாட்டைக் கட்டியது ‘வீ’.
கெடுக்க வந்தது அவர்கள்.
அவர் முதுகுக்குப் பின்னே, கமராவில் விழும்படி
மூன்று கறுப்பினப் பெண்கள்.
ஒருத்தி கைதட்டவில்லை.
கொடுத்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டது.
நாமா? நாங்களா?
கேட்டுக்கொண்டிருப்பவன் உள்ளேயா வெளியேயா என்று
ஆங்கிலத்தில் கடைசிவரை சொல்லாமல் தப்பலாம்.
தமிழ் விடாது.
வாய் திறந்ததும் கணக்குக் கேட்கும்.

இன்று தலவாக்கலை. விட்டு விட்டு மழை.
ஞாயிற்றுக்கிழமையும் கூடையோடு வரச்சொல்லி
ஒன்பது பெண்களை மேடையில் நிறுத்தியிருந்தார்கள்.
வெறுங்கூடை, இஸ்திரி போட்ட சேலை.
நடுவில் பேச்சியம்மா, நெற்றியில் கயிற்றுத் தழும்பு.

“வந்தவர்கள் வந்த வழியை மறக்கக்கூடாது” என்று
போன கிழமை கண்டியில் பேசிய வேட்பாளர்.
அங்கே மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
இங்கே குரலில் டின்பால் கலந்து
“அபி தமாய் மே ரட்ட ஹெதுவே” என்றார்.
அபி. சிங்களத்திலும் ஒரே சொல்.
செயலாளர் முன்பே காதில் போட்டிருந்தார்:
‘அபி’ வந்தா ‘நாம்’ போடுங்க, மாஸ்டர்.

மைக் என் கைக்கு வந்தது.
ஒரு லொறி கியர் மாற்றும் நேரம்.
‘நாடற்றவர்’ என்று அப்பாவுக்குக் கொடுத்த கடதாசி
ஞாபகம் வந்ததாகச் சொன்னால் பொய்.
அந்தத் தழும்புதான் தெரிந்தது.

“நாங்கள்தான் இந்த நாட்டைக் கட்டினோம்.”

கூட்டம் அசையவில்லை.
என் வாயில் அவருடைய வசனம்,
வசனத்துக்குள் அவர் இல்லை.
பின்வரிசையில் ஒரு விசில்.
பிறகுதான் கைதட்டல்;
டயகம பஸ் சாரதியும் ஹோர்ன் அடித்தார்.
பேச்சியம்மா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

தமிழ் தெரியாத வேட்பாளர்
தனக்கென்றே நினைத்து இரு கையும் கூப்பினார்.

இறங்கும்போது தோளில் தட்டினார்:
அந்த வரி நன்றாக எடுபட்டது,
நாளைக்கு மஸ்கெலியாவிலும் அப்படியே சொல்லுங்கள்.

கவரில் ஐயாயிரம் இருந்தது.
கூடுதல் ஆயிரம் எதற்கென்று
கொட்டகலை தாண்டும்வரை யோசித்தேன்.
திருப்பிக் கொடுக்கவில்லை.