வரிசையில்: 1

தோட்டப்பாளையம், மூன்றாம் மாடி,
தோல் பதனிடும் ரசாயன ஏஜென்சி.
ஃபேக்ஸ் மெஷினை எடைக்குப் போட்ட மாதம்
ஃபேக்ஸ் என் கம்ப்யூட்டருக்குள் குடிவந்தது.
இப்போது சுருள் இல்லை, காகிதம் சிக்குவதில்லை.
திரையின் மூலையில் சின்னதாக ஒரு உறை
எழும்பும், அடங்கும்.
மோடம் மட்டும் பழைய புத்தியை விடவில்லை:
தொண்டையில் முள் மாட்டிய பூனைபோல்
கத்திவிட்டுத்தான் காரியம் பார்க்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஆர்டர் வரும்,
குரோம் இருபது மூட்டை என்று.
பேரணாம்பட்டிலிருந்து திட்டு வரும்,
கையெழுத்தில், இரட்டை அடிக்கோட்டோடு.
வந்தது எதுவானாலும்
அதற்கொரு பெயர் வைத்துச் சேமிப்பது
குணவதியாகிய என் வேலை.

செவ்வாய், பதினொன்றே கால்.
மே மாத வெயில் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது.
தலைகீழாக ஒரு பக்கம் வந்தது.
திருப்பினேன்.
கொல்கத்தாவில் ஏதோ ஒரு லேப்.
அனிமா மண்டல், வயது முப்பத்தொன்பது.
பெறுநர்: வேலூரில் ஒரு லாட்ஜ், அறை 14.
லாட்ஜின் எண் எழுபத்து மூன்றில் முடிகிறது,
எங்களுடையது முப்பத்தேழில்.
எங்கோ ஒரு விரல் அவசரப்பட்டிருக்கிறது.

படித்திருக்கக் கூடாது.
படித்தேன். புரியவில்லை.
புரியாமல் போனதில் கொஞ்சம் நிம்மதி.
தோலைச் சதுர அடியில் பேசுகிறவர்கள் நாங்கள்.
இங்கே ஒருத்தியின் உடம்பு
பாயிண்ட் ஆறு சென்டிமீட்டர் என்று
டைப் ஆகியிருந்தது.
ஒரு துவரம்பருப்பு.

எண்ணைச் சரிசெய்து அனுப்பினேன்.
டயல் செய்கிறது.
பிஸி.
ஐந்து நிமிடத்தில் மீண்டும் முயலும்.
வரிசையில்: 1 என்றது திரை.
இங்கிருந்து நடக்கிற தூரத்தில்
ஹௌராவில் ஏறிக் காட்பாடியில் இறங்கியவர்கள்
ஃபைலை மார்போடு அணைத்து நிற்கிறார்கள்.
அந்த வரிசையில் எத்தனை என்று
என் திரையில் இல்லை.

மறுபடி. பதில் இல்லை.
நானே போன் போட்டேன்.
"ரோல் தீர்ந்துபோச்சும்மா,
பையன் வாங்கப் போயிருக்கான்" என்றது ஒரு குரல்.
"பதினாலா? காலையிலயே டோக்கனுக்குப் போயிட்டாங்க.
மத்தியானம் டாக்டராம். பேப்பர் வந்துச்சா வந்துச்சான்னு
மூணு வாட்டி கேட்டாங்க."

பன்னிரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும் என்பது கம்பெனி சொன்னது,
ஏழு என்பது நான் கண்டது.
மானிட்டரை அணைத்தேன்,
மிச்சம் பிடிக்கும் சோற்றைப்போல
அந்த மின்சாரமும் பெட்டிக்கே போகட்டும் என்று.
கறுத்த கண்ணாடியில் என் முகம்.
அதற்குப் பின்னால் டயல் சத்தம்.
ஒரு மணி. இரண்டு மணி.
எதிர்முனையில் இன்னொரு பூனை கத்தியது.
பிறகு இரண்டும் சேர்ந்து,
பிறகு அமைதி.
அந்த அமைதிதான் பக்கம் போகிற சத்தம்.

மூன்று மணிக்கு முதலாளி ஹபீபுல்லா
லிஸ்ட்டில் விரல் வைத்தார்.
"யாரு இது, எழுபத்து மூணு? புது பார்ட்டியா?"
"பார்ட்டி இல்ல சார். தப்பு நம்பர்."
"தப்பு நம்பருக்கு நாம ஏன் காசு கட்டணும்?"
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"போய்ச் சேர்ந்துச்சா?" என்றார்.

நாலரைக்கு ஒரு பக்கம் வந்தது,
எழுபத்து மூன்றிலிருந்து.
பால்பாயிண்டில் மூன்று வரி, வங்காளம்.
எது தலை எது கால் என்று தெரியவில்லை.
கொடி கட்டித் துணி உலர்த்தியதுபோல் எழுத்து.
துணி கொடிக்கு மேலே நிற்காது,
கீழேதான் தொங்கும்.
அந்தக் கணக்கில் நூற்றெண்பது டிகிரி திருப்பினேன்.
நன்றியா,
ஊருக்குச் சொல்லச் சொல்லி எழுதியது
மறுபடி எண் மாறி இங்கே வந்துவிட்டதா,
வெறும் லாட்ஜ் கணக்கா?
ஈரம் சொட்டுகிற மாதிரி
ஓரிடத்தில் மை பரவியிருந்தது.

பெயர்? என்று கேட்டுக்
கர்சர் இமைத்துக்கொண்டிருந்தது.
அறை 14 என்று அடித்தேன்.
உடனே மோடம் கத்தியது.
பேரணாம்பட்டு.
சல்ஃபைடு ஆறு டிரம் இன்னும் வரவில்லையாம்,
இரட்டை அடிக்கோடு.