கம்பம் இருந்த இடம்

ஜிஎஸ்டி வந்த ராத்திரியோடு
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் வேலை முடிந்தது.
கடைசியாய்க் கிளம்பிய எழுத்தர்
மின்விசிறியை நிறுத்தாமல் போய்விட்டார்.
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கும்வரை
யாருமில்லாத நாற்காலிக்கு அது
காற்று வீசிக்கொண்டிருந்ததாம்.

இப்போது வாசலில்
சுழற்சிப் பொருளாதார ஆய்வு மையம் என்று
இரண்டு மொழியில் பலகை.
பழைய பலகைதான், மேலே பூசி எழுதினோம்.
மழையில் நனைந்தால்
அடியிலிருந்து 'நிறுத்து' எழும்பி வரும்.

என் வேலை எண்ணுவது.
இடிக்குமுன் எது எஞ்சும் என்று எழுதுவது.
தேக்குச் சன்னல் நாலு.
ஓடு ஆயிரத்து இருநூறு, உடைந்தது போக.
செங்கல்லைச் சுத்தியலால் தட்டி
சத்தத்தை வைத்தே பிரிப்பார் சகாயநாதன்:
இது சுவருக்கு.
இது தரைக்கு.
இது, ச்சே,
அன்றைக்கே காசு வாங்கிக்கொண்டு உள்ளே வந்த கல்.

முத்திரைக் கட்டை பதினேழு, மை காய்ந்தவை.
மறுபயன் என்ற கட்டத்தில்
எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை.
ஷெரீனா அவற்றைச் சீவி
சன்னல் சந்துகளில் ஆப்பாக அடித்தாள்.
கணவாய்க் காற்று ராத்திரியெல்லாம்
'அனுமதிக்கப்பட்டது' என்பதில் முட்டி
உள்ளே வர முடியாமல் நிற்கிறது.

அவள் ஆக்ரி என்பாள், நான் காயலான் என்பேன்.
திருப்பூரிலிருந்து வரும் வெட்டுத்துணி மூட்டை
எந்தப் பெயருக்கும் அவிழும்.

டெம்போ ஓட்டுவது சென்னியப்பன்.
முன்னே தக்காளி லாரி.
ஒருதடவை ரெண்டு ராத்திரி
இங்கே வரிசையில் கிடந்து
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து
ஒழுகி, ஒழுகி, ரோடு சிவந்து போச்சுங்க.
இந்த இடம்தான், என்று
காலால் தட்டிக் காட்டினார்.
அங்கே உரக்குழி வெட்டியிருக்கிறோம்.

தடுப்புக் கம்பம், இரும்பு, இருபத்தோரடி,
சிவப்பும் வெள்ளையும்.
அதில்தான் வாழைநார் காய்கிறது.

திறப்பதற்கு ஒன்பது நாள் இருக்கையில்
ராத்திரி ரெண்டு மணிக்கு
மேற்கேயிருந்து ஒரு லாரி.
மேலாகத் தேங்காய் மட்டை.
ஷெரீனா டார்ச்சோடு ஏறி மட்டையை விலக்கினாள்:
ஊசி, குளுக்கோஸ் குழாய்,
ரத்தம் காய்ந்த பஞ்சு.
எதையும் எடுப்பீங்கன்னு சொன்னாங்களே,
என்றான் ஓட்டுநர். பையன். பயந்திருந்தான்.
இல்லை என்றதும்
வண்டியைக் கிழக்கே ஒடித்தான்,
அந்தப் பக்கம் ஏதாவது ஓடையில் கவிழ்க்க.

மறிக்கக் கம்பம் இல்லை.
நார் காய்கிறது அதில்.

சென்னியப்பன் டெம்போவை
சாலைக்குக் குறுக்கே போட்டு இறங்கினார்.
பீடி பற்றவைத்தார்.
வாழ்நாளில் முதல்முறையாக
அந்த இடத்தில் நிறுத்துகிறவர் அவர்.
பையனுக்கும் ஒரு பீடி கொடுத்தார்.

விடிந்தபின் போலீஸ் வந்து
எடை போட்டு, படமெடுத்து,
வந்த வழியே திருப்பி அனுப்பியது.
பேரேட்டில் எழுதினேன்:
வந்தது ஒன்று, திரும்பியது ஒன்று.
எட்டிப் பார்த்தவர் கேட்டார்,
இதுவும் உங்க சுழற்சியில சேருமுங்களா?

மையம் திறந்தாயிற்று. மூன்று மாதம்.
இன்னமும் கம்பம் இருந்த இடம் வந்தால்
டெம்போ தானாக மெதுவாகிறது.
அவர் கை சட்டைப்பைக்குப் போய்
ஒன்றும் எடுக்காமல் ஸ்டியரிங்குக்குத் திரும்புகிறது.

பட்டியலில் அதற்கு
நான் வரிசை எண் போடவில்லை.