குறுக்கே எழுதியது

கொழும்பு, கொள்ளுப்பிட்டி.
மே பதினொன்று, 1858.

அம்மா,
நலம். எஸ்றாவும் நலம்.
காலித் துறையிலிருந்து குதிரை வண்டியில் வந்த உன் கடிதம்
பெப்ரவரிப் பனியைப் பற்றிப் பேசுகிறது.
வாசிக்கும்போதே என் வேர்வை சொட்டி
பனி என்ற சொல் மட்டும் கலங்கிவிட்டது.

வெண்ணெய் இங்கே போத்தலில் வருகிறது, ஊற்றிக்கொள்கிறோம்.
சப்பாத்துகளில் இரண்டே நாளில் பச்சைப் பூஞ்சணம்.
கறையான் என் வேதாகமத்தை
லேவியராகமம் வரை தின்று நிறுத்திக்கொண்டது.
சட்டதிட்டங்கள் அதற்கும் கசந்திருக்கும் என்றேன்;
எஸ்றா சிரிக்கவில்லை.
கோப்பி விலை ஏறியிருக்கிறது. காரீயம்
நானூறு பீப்பாய் பொஸ்டனுக்குப் போகிறது.
இந்தப் பென்சிலுக்குள்ளும் இங்கே தோண்டியதுதான்
இருக்கும் என்கிறார்.

தாள் தீர்ந்தது. தபாற்கூலியோ எடைக்கு எடை.
ஆகவே தாளைத் திருப்பி
எழுதியதன் குறுக்கே எழுதுகிறேன்.
உன் கண்ணுக்கு இது வலைபோலத் தெரியும்.
அபிகாயில் வாசித்துக் காட்டுவாள்,
சங்கடமானதைத் தாண்டிக்கொண்டு.
அதனால்தான் சங்கடமானதை இங்கே வைக்கிறேன்.

எங்கள் முற்றத்துக் கொட்டிலில்
பெண்கள் காரீயம் புடைக்கிறார்கள்,
அரிசி புடைப்பதைப் போலவே.
மாலையில் அவர்கள் கைகள் கறுப்பல்ல, வெள்ளி.
வாசலைக் கடக்கையில்
மீன்கள் நடந்துபோவதாகத் தோன்றும்.
அதில் ஒருத்தி செல்லாண்டி.
நேற்று மேலுறையில் ஊரின் பெயரை
கணக்கப்பிள்ளை சவிரியான் உரக்க வாசித்துவிட்டார்:
சேலம்.
அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் சேலமா?"

அவளும் சேலமாம்.
ஓமலூர்ப் பாதையில் ஏதோ ஓர் ஊர்.
மன்னாரில் இறங்கி, கோப்பி மலைக்கு
காடு நெடுக நடந்தார்களாம்.
புருஷன் மாத்தளை போய்ச் சேரவில்லை.
சேர்வராயன் மலை உங்கள் வீட்டுக்குத் தெரியுமா என்றாள்.
இந்த வருஷம் மா காய்த்ததா என்றாள்.
எனக்குத் தெரிந்த தமிழ்
தண்ணீர், போதும், நாளைக்கு.
சவிரியான் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.
காய்த்தது என்று சொல்லுங்கள் என்றேன்.

ஏனென்று கேட்காதே.
வந்து இரண்டு வருஷம்,
என் ஊரைப் பற்றி
யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்,
வாக்குக் கொடுத்துவிட்டேன்:

பாவாயிக்கு.
அக்கா உசிரோடு இருக்கிறேன்.
அடகில் கிடக்கிற பித்தளைக் குடத்தை மூழ்க விடாதே.
வட்டிக்கு அனுப்புகிறேன்.
அவர் போய்விட்டார். அத்தைக்கு இப்போது சொல்ல வேண்டாம்.

*

நவம்பர் இருபத்தெட்டு.

அம்மா,
அபிகாயில் இந்த முறை எதையும் தாண்டவில்லை போலும்.
"பாவாயி என்று நம் சபையில் ஒருவரும் இல்லை.
துறைமுகத் தெருவிலும் விசாரித்தேன்" என்கிறாய்.
என் அம்மா, கைத்தடியோடு,
வீடு வீடாய் அந்தப் பெயரை
எப்படித்தான் உச்சரித்தாயோ.
பிறகு இரண்டு விரல் இடம் விட்டு
உன் கோணல் எழுத்தில்:
"குடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்."

பொய் சொன்னதற்காக
என்னைச் சாப்பாடில்லாமல் மாடிக்கு அனுப்பியவள் நீ.

மூன்று நாள் அந்த வரியைப் பைக்குள் வைத்திருந்தேன்.
இன்று காலை கொட்டிலுக்குப் போனேன்.
வாய் திறக்குமுன்
அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
ஒன்பது பணம்.
விரல் பட்ட இடமெல்லாம் காரீயம் மினுங்கியது.
"சேலத்துக்கு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன், அம்மா.

இப்போது மேசையில், விளக்கடியில் இருக்கிறது.
எந்தச் சேலம் என்று சவிரியான் கேட்கவில்லை.
மேலுறையைக் கையில் தூக்கிப் பார்த்தார்,
எடை கூடும் என்றார்.
அதனால் இந்தத் தடவை
ஒரே தாள்.
குறுக்கே
ஒன்றும் எழுதவில்லை.

உன் எப்சிபா