குறுக்குப் பேச்சு

காட்பாடி, இரண்டாவது மாடி.
கீழே பரோட்டாக் கல் ஆறிவிட்டது.
இரவு இரண்டு நாற்பதுக்குக் காதில் மாட்டியதும்
ஒஹையோவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து அரங்கம்
நாற்காலி இழுபடும் சத்தத்தோடு திறந்துகொண்டது.

எழுத்துக்கூலி நிமிடக் கணக்கு.
எவ்வளவு வேகமாகக் கத்தினாலும்
ஒரு நிமிடத்துக்கு ஒரே கூலிதான்.
வேட்பாளர் பெயர் எனக்குத் தேவையில்லை.
பேசுபவர் ஒன்று. பேசுபவர் இரண்டு.
இருவரும் சேர்ந்து கத்தினால்
அடைப்புக்குள் 'குறுக்குப் பேச்சு' என்று போட்டுவிட்டு
அடுத்த வரிக்குப் போகலாம்.
அன்றைக்கு முப்பத்தொரு முறை போட்டேன்.

ஒன்று சொன்னார்:
வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடி ஷூவுக்கும் வரி,
தொழிற்சாலை தானாகத் திரும்பி வரும்.
இரண்டு சொன்னார்:
அந்த வரியைக் கட்டப்போவது
கடையில் நிற்கும் உங்கள் பிள்ளையின் கால்.
கைதட்டல். கூச்சல். கைதட்டல்.
நான் தட்டச்சு செய்த ஷூவின் மேல்தோலை
ராணிப்பேட்டை சிப்காட்டில் வெட்டுகிறவன் ஜெயவேலு.
போன மாதம் வரை வாரத்துக்கு ஆறு நாள்.
இப்போது மூன்று.
மீதி நாளில் வீட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டுகிறான்,
அது கெடாமலே.

அடுத்து குடியேறிகள்.
கதவைப் பூட்டு என்றார் ஒன்று.
சாவி யாரிடம் என்றார் இரண்டு.
'நம் வேலையைக் கொண்டுபோகிறார்கள்'
என்ற வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது நான்தான்.
நான் எங்கேயும் போகவில்லை.
வேலைதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது,
ஒரு கால் ஆடுகிற நாற்காலியில்.

பிறகு தேர்தல் திருட்டு.
யார் யாருடையதைத் திருடினார்கள் என்று
நாலு நிமிடம் குறுக்குப் பேச்சு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் தொகுதியில் ஒருமுறை பணக்கட்டு பிடிபட்டு
தேர்தலே நின்றுபோய்,
மாசக்கணக்கு கழித்துப் போட்டோம்.
பக்கத்து மேசை ஃபௌசியா
'என்னடி' என்று கண்ணால் கேட்டாள்.
அவளுக்கு அரிசோனா எல்லை. எனக்கு ஒஹையோ.
மூன்று மணிக்கு இரண்டு பேருக்கும் டீ.

நாற்பத்தேழாவது நிமிடத்தில்
பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண்.
மென்பொருள் அவள் பேச்சு முழுக்க
'தெளிவில்லை, தெளிவில்லை' என்று போட்டு வைத்திருந்தது.
எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.
பதினாறு வருஷமாய் வீட்டு வரி கட்டுகிறேன்.
போன தடவை கையெழுத்து ஒத்துவரவில்லை என்று
என் ஓட்டைத் திருப்பி அனுப்பினீர்கள்.
வரியிலும் அதே கையெழுத்துதான்,
அதை எப்போது திருப்பி அனுப்புவீர்கள்?
'டாக்ஸ்' என்னும்போது நாக்கு மடங்கிய விதம்
எனக்குத் தெரிந்த விதம்.

பின்வரிசையில் ஒருவன் கத்தினான்:
நீ எந்த ஊர்?
சிரிப்பு. கூச்சல்.
பேசுபவர் ஒன்று, பேசுபவர் இரண்டு,
இருவரும் அன்று முதல்முறையாக ஒன்றுபோல மௌனம்.
மௌனத்துக்கும் ஒரு குறி உண்டு, போட்டேன்.
மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது
அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள்:
'இன்னாத்த சொல்றது இவனுங்களுக்கு.'

ஐந்து முறை பின்னால் இழுத்துக் கேட்டேன்.
சென்னையாகக்கூட இருக்கலாம்.
இல்லை. அந்தக் கடைசி இழுப்பு பாலாற்றுக்கு இந்தப் பக்கம்.

விதிப்புத்தகம், பன்னிரண்டாம் பக்கம்:
ஆங்கிலம் அல்லாத எதையும் எழுத வேண்டாம்,
'வேற்று மொழி' என்று அடைப்புக்குள் போடவும்.
கர்சர் விட்டுவிட்டு எரிந்தது.
போட்டேன்.
வேற்று மொழி.
இரண்டு விநாடி.
அதற்கும் கூலி சேர்ந்திருக்கும்.

விடிந்து வீட்டுக்குப் போனால்
மிக்ஸி முழுசாக நின்றது, ஒரு திருகாணி மிச்சம்.
'இன்னா சொன்னாங்கோ?' என்றான் ஜெயவேலு,
அமெரிக்கா ஏதோ பெண்வீட்டார் மாதிரி.
வரியைச் சொன்னேன். ஷூவைச் சொன்னேன்.
அவளைப் பற்றிச் சொன்னதும்
திருகாணியை உள்ளங்கையில் உருட்டுவதை நிறுத்திவிட்டு
ஆசையாகக் கேட்டான்:
'எந்த ஊரு பொண்ணாம்?'