பீச்சாங்கை

பாகாயம் பயிற்சிக்கூடம்.
நூல் பறக்கிறதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்.
கையுறைக்குள் ஊறுகிறது வேலூர் வெயில்.
மேலே கேமரா, கீழே சிலிக்கான் தோல்,
திரையில் இருபத்தொரு புள்ளிகளாய்
என் இடக்கை.

ஆறாவது தையலில் முடிச்சு வழுக்க,
அவிழ்த்து மறுபடி போட்டேன்.
பாதை நீளம்: பதினோரு மீட்டர்.
தயக்கம்: நான்கு.
தரம்: கற்றுக்குட்டி.

"மெஷினுக்குச் சோத்தாங்கைதான் மேடம் பழக்கம்.
ஒருதரம் மாத்தித் தைச்சுப் பாருங்களேன்"
என்கிறான் தயாளன்.

போன செவ்வாய், விடியற்காலை மூன்றரை.
குடியாத்தம் ரோட்டில் லாரியோடு கவிழ்ந்தவர்.
பெரிய டாக்டர் வரும்வரை
கிழிந்த கல்லீரலைப் பொத்திப் பிடித்திருந்தது
இந்தப் பீச்சாங்கை.
நாற்பது நிமிடம்.
விரல் மரத்தது. மூக்கு அரித்தது.

எழுதிக்கொள் தயாளா,
பாதை நீளம்: சுழி.

முதலில் அந்த மின்விசிறியைப் போடு.